தொண்டையில் நின்ற காசு



பிப்ரவரித் திங்கள் 3-ஆம் நாள் புனித பிளாசியாரின் திருநாள். நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அர்மீனிய நாட்டுச் செபஸ்தே நகரின் ஆயராய் விளங்கி, மறைசாட்சியாய் உயிர்நீத்தவர் அவர். தொண்டையில் மீன்முள் சிக்கி உயிருக்குப் போராடிய சிறுவன் ஒருவனை அவர் காப்பாற்றினார் என்பது மரபுவழிச் செய்தி. ஆகவேதான் அந்நாளில் இரண்டு மெழுகுவர்த்திகளைக் குறுக்காகப் பிடித்து, இறைமக்களின் தொண்டையருகே வைத்து ஆசி வழங்குகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன், கோவையை அடுத்த ஒரு பங்கில் நாம் பணியாற்றியபோது, அத்திருநாளின் மாலையில் நிகழ்ந்ததை இத்திங்கள் எழுத விழைகின்றோம். திருப்பலி முடிந்து மக்கள் கலைந்துவிட்டனர். கோவில் விளக்குகளை அணைக்கும் வேளையில் ஒரு பாட்டி தம் ஆறு வயதுப் பேரனைக் கைப்பிடியாய் இழுத்துக்கொண்டு வந்தார். "சாமி, ரெண்டு நாளாப் பையன் சோறே திங்கறதில்லைங்க. தொண்டையில என்னமோ கட்டியாட்ட இருக்குதுங்க. கொஞ்சம் மந்திரிச்சு உடுங்க" என்றார். நாம் மந்திரிப்பதில்லை, செபிக்கின்றோம் என்று திருத்துவதற்கு வாயெடுத்தோம். அதற்குள் பையனின் கடைவாயிலிருந்து எச்சில் ஓயாது வழிவதைக் கண்டோம். ஒரு மிடறு தண்ணீர் கொடுத்தோம். குடித்த தண்ணீர் அப்படியே திரும்பி வந்தது. ஆசி அளித்த கையோடு அவனை ஊர்தியில் ஏற்றி, நகரத்து மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம்.

எக்ஸ்ரே படத்தில், கழுத்தெலும்புக்கு நேராக, முழு நிலவைப் போல் ஒரு வட்டம் தெரிந்தது. ஐந்து ரூபாய்க் காசு! விவரம் மெல்ல மெல்லத் தெரியவந்தது. இரண்டு நாட்களுக்கு முன் கடைக்கு அனுப்பப்பட்ட பையன், மீதிக் காசை வாயில் போட்டுக்கொண்டே நடந்திருக்கிறான். கால் இடறவே, காசு உள்ளே போய்விட்டது. வீட்டிற்கு வந்ததும் தந்தை காசைக் கேட்டார். "தொலைந்துபோயிற்று" என்றான். பொய் என்று முகத்திலேயே தெரிந்தது, அடி விழுந்தது. அதன்பின் அவன் வாயே திறக்கவில்லை.

பம்ப் கம்பெனியில் வேலை பார்க்கும் அத்தந்தை செய்தியறிந்து ஓடோடி வந்தார். "காசுக்காக அடிக்கலைங்க சாமி. பொய் சொன்னதுக்குத்தானுங்க அடிச்சேன்" என்று அவர் நம்மிடம் சொன்னது இன்றும் செவியில் ஒலிக்கின்றது. எந்தக் காசைத் தொலைத்தான் என்று அடித்தாரோ, அந்தக் காசு அடி வாங்கிய பிள்ளையின் தொண்டையிலேயே நின்றிருந்தது.

உலோகம் விழுங்கப்பட்டால் உடலுக்குள் நடப்பது என்ன? நாம் மருத்துவர் அல்லர். எனினும் அன்றிரவு தொடங்கி மருத்துவ அன்பர்களிடம் கேட்டும், நூல்களில் படித்தும் அறிந்தவற்றைக் குடும்பங்களின் நன்மைக்காக இங்குத் தருகின்றோம்.

வாயிலிருந்து உள்ளே செல்லும் வழிகள் இரண்டு. முன்னே மூச்சுக்குழாய், பின்னே உணவுக்குழாய். விழுங்கிய பொருள் மூச்சுக்குழாயில் சென்று அடைத்தால், சில நிமிடங்களிலேயே உயிருக்கு முடிவு நேரக்கூடும். உணவுக்குழாயில் சென்றால், அதன் மேல்வாயிலில் உள்ள இறுக்கமான தசைவளையமே முதல் தடை. குழந்தைகள் விழுங்கும் காசுகள் பெரும்பாலும் நிற்பது அங்கேதான். அத்தடையையும், நெஞ்சின் நடுவிலும் இரைப்பையின் வாயிலிலும் உள்ள குறுகலான இடங்களையும் தாண்டிவிட்டால், மழுங்கிய சிறு பொருள் பெரும்பாலும் தானாகவே மலத்துடன் வெளியேறிவிடும். இரைப்பையை அடைந்த பொருள்கள் பத்தில் எட்டு, ஒன்பது இவ்வாறே வெளியேறுகின்றன. எஞ்சியவற்றை உள்நோக்குக் கருவியால் எடுப்பர். வயிற்றைக் கிழிக்கும் தேவை நூற்றுக்கு ஒருவருக்கு நேர்ந்தாலே அதிகம். நம் பையனின் காசோ முதல் தடையிலேயே நின்றுவிட்டது. இன்னும் சில நாட்கள் அங்கேயே அழுந்தியிருப்பின், குழாயின் சுவரைப் புண்ணாக்கித் துளைத்திருக்கவும் கூடும். மயக்கமருந்து கொடுத்து, குழாய்க் கருவியைச் செலுத்தி, சில நிமிடங்களில் மருத்துவர் அதை எடுத்துவிட்டார்.

இக்கருவி பிறந்த கதையும் உலோகம் விழுங்குவோரோடு தொடர்புடையதே. நம் ஊர்த் தெருக்களில் கழைக்கூத்தாடிகளோடு வாள் விழுங்கும் வித்தைக்காரர்களும் வருவதுண்டு. 1810-களில் லண்டன் மாநகரை வியக்கவைத்த வாள்விழுங்கி ஒருவர் நம் தென்னாட்டவரே. ஆங்கிலேயர் வாயில் 'ராமோ சாமி' என்று சிதைந்த அவர் பெயர், ராமசாமி என்பதாகவே இருக்க வேண்டும். புகழின் உச்சியை எட்டிய அவர், 1850-இல் லண்டனிலேயே வறுமையில் இறந்தார். வாள் விழுங்குவோர் கண்கட்டு வித்தை செய்வதில்லை. தொண்டையின் ஓங்கரிப்பைப் பல்லாண்டுப் பயிற்சியால் அடக்கி, தலையைப் பின்னே சாய்த்து, வாயையும் உணவுக்குழாயையும் ஒரே நேர்கோடாக்குகின்றனர். 1868-இல் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் அடால்ஃப் குஸ்மௌல் என்னும் மருத்துவர் இதை உற்றுநோக்கினார். வாள் செல்லும் வழியில் குழாயும் செல்லும் அன்றோ? வாள்விழுங்கி ஒருவரின் உணவுக்குழாய்க்குள் நேரான உலோகக் குழாயைச் செலுத்தி, அவர் உள்ளே பார்த்தார். அன்று திறந்த வழியிலேதான் இன்று நம் குழந்தைகளின் காசுகள் வெளியே வருகின்றன.

அமெரிக்காவின் செவாலியர் ஜாக்சன் (1865–1958) இக்கலையை வளர்த்த பெருமருத்துவர். மக்களின் தொண்டையிலிருந்தும் மூச்சுக்குழாயிலிருந்தும் எடுத்த பொருள்களை அவர் ஒன்று விடாமல் சேர்த்து வைத்தார். ஊக்கு, ஆணி, காசு, பொத்தான், பொம்மை என 2,374 பொருள்கள் ஃபிலடெல்ஃபியா நகரின் மூட்டர் அருங்காட்சியகத்தில் இழுப்பறைகளில் அடுக்கப்பட்டுள்ளன.  அவற்றுள் பல எந்த வீட்டிலும் தரையில் கிடப்பவை.

நம் கொங்கு நாட்டிலோ உலோகத்திற்குப் பஞ்சமே இல்லை. வார்ப்படச் சாலைகளும் லேத் பட்டறைகளும் நிறைந்த கோவையில், வேலை முடிந்து வரும் தந்தையின் சட்டைப்பையில் திருகாணி கிடக்கும். திருப்பூரில் தைப்பவர் குண்டூசியை உதட்டில் கவ்வியபடியே பேசுவார். தச்சர் ஆணியை வாயில் வைத்துக்கொண்டு சுத்தியலைத் தேடுவார். புடவை கட்டும் தாய் ஊக்கைப் பல்லிடுக்கில் பிடித்தபடியே பிள்ளையை அதட்டுவார். ஒரு தும்மல் போதும்! பார்த்திருக்கும் பிள்ளையும், வாய் என்பது பொருள் வைக்கும் பை என்றே கற்றுக்கொள்கிறது. கூர்மையான ஊசியும், திறந்த ஊக்கும் காசைப்போல் விட்டுவைக்கத் தக்கவை அல்ல. அவை உடனே எடுக்கப்பட வேண்டும்.

இக்காலத்தில் ஊசியினும் கொடியது ஒன்று வீடுகளுக்குள் நுழைந்துள்ளது. பொம்மை, கைக்கடிகாரம், எடைபார்க்கும் கருவி, ஊர்திச் சாவி ஆகியவற்றில் இருக்கும் பொத்தான் பேட்டரியைச் சொல்கின்றோம். அதன் பெரிய வகையின் குறுக்களவு 20 மில்லிமீட்டர். 2019-இல் வெளிவந்த புதிய ஒரு ரூபாய்க் காசின் அளவும் அதுவே. ஆனால் காசு நாட்கணக்கில் செய்யும் கேட்டை இது மணிக்கணக்கில் செய்துவிடும். ஈரமான உணவுக்குழாயில் சிக்கியவுடன் மின்னோட்டம் பாய்ந்து, கடுமையான காரப்பொருள் அங்கேயே உருவாகின்றது. இரண்டு மணி நேரத்திற்குள் குழாயின் சுவர் வெந்துபோகலாம். தீர்ந்துவிட்டது என்று நாம் எறிந்த பேட்டரியிலும் இத்தீங்கிற்குப் போதிய மின்சாரம் எஞ்சியிருக்கும். காந்தத் துண்டுகளும் இத்தகையவே. ஒன்று தனியே சென்றால் பெரும்பாலும் வெளியேறிவிடும். இரண்டு சென்றால், குடலின் இரு மடிப்புகளை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்து, குடலையே துளைத்துவிடும்.

இன்னொன்று நம் இல்லங்களில் எவரும் ஐயுறாத ஒன்று: கருவுற்ற தாய்மார்க்கு அரசு இலவசமாய் வழங்கும் இரும்புச்சத்து மாத்திரை. தாய்க்கும் கருவுக்கும் அது உயிர்ச்சத்து. அலமாரியின் கீழ்த்தட்டில் கிடந்து, மூத்த பிள்ளை மிட்டாய் என்று அள்ளி விழுங்கினாலோ நஞ்சு. முதலில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாகும். பிறகு சில மணி நேரம் பிள்ளை தேறிவிட்டாற்போல் விளையாடும். பெற்றோர் நிம்மதியடையும் அந்த இடைவேளைக்குப் பின்னரே அதிர்ச்சிநிலையும் கல்லீரல் கேடும் வரலாம். தேறிவிட்டதென்று வீட்டிலேயே இருந்துவிடுவதுதான் இதில் பேராபத்து.

மாடு வளர்க்கும் நம் மக்கள் உலோகம் விழுங்குவதைப் புதிதாய்க் கேட்பவர் அல்லர். மாடு மென்று பார்த்து விழுங்குவதில்லை. தீவனத்தில் கிடக்கும் கம்பித் துண்டும் ஆணியும் அதன் இரைப்பையின் முன்னறையில் போய்த் தங்குகின்றன. அவ்வறைக்கு மிக அருகில் இருப்பது இதயம். குத்திய கம்பி இதயம் வரை செல்வதுண்டு. அதனால்தான் பால்மாட்டிற்குக் காந்தம் ஒன்றை விழுங்கச் செய்து, இரும்பை அங்கேயே பிடித்துவைக்கும் முறையும் கால்நடை மருத்துவத்தில் உள்ளது. 2019 அக்டோபரில் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ நெகிழிக் குப்பையை எடுத்தனர். அக்குப்பையோடு திருகாணிகளும் காசும் வந்தன. வலியெடுத்த மாடு தீவனத்தை வெறுக்கும், முதுகை வளைத்து நிற்கும். அதற்குமேல் சொல்ல அதற்கு வாயில்லை.

வாயுள்ள மனிதரும் சொல்லாமலிருப்பதை என்னென்பது? 2017 அக்டோபரில் கொல்கத்தா மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், மனச்சிதைவு நோயுற்ற 48 வயது மனிதரின் இரைப்பையிலிருந்து 639 ஆணிகளை எடுத்தனர். ஒரு கிலோவிற்கும் மிகுந்த எடை! மருத்துவர்கள் இரைப்பையைத் திறந்து காந்தத்தாலேயே அவற்றைத் திரட்டினர். 2016-இல் அமிர்தசரஸ் நகரில், காவல்துறையைச் சேர்ந்த ஒருவரின் வயிற்றிலிருந்து 40 கத்திகள் வெளிவந்தன. வீட்டார் அறியாமலே இரண்டு திங்களாக அவர் விழுங்கியவை அவை. 2019-இல் இமாசலப் பிரதேசத்து மண்டி மாவட்டத்தில் ஒருவரின் வயிற்றில் எட்டுக் கரண்டிகளும் இரண்டு திருப்புளிகளும் ஒரு கத்தியும் இருந்தன.

இச்செய்திகளைப் படித்து நாம் சிரிக்கின்றோம். அல்லது ஏவல், செய்வினை என்கின்றோம். 'வயிற்றில் வைத்த மருந்தை எடுக்கிறோம்' என்று பலகை மாட்டியிருக்கும் வீடுகளுக்கு நம் பங்குமக்களும் செல்வதை நாம் அறிவோம். சிலர் பேயோட்ட வேண்டுமென்று நம்மிடமே அழைத்து வருகின்றனர். அன்பர்களே, உலோகத்தை வேண்டுமென்றே விழுங்குபவர் நோயுற்றவர். மனநோய் காரணமாகலாம், தாங்கொணாத் துயரம் காரணமாகலாம். மண்ணையும் சாம்பலையும் சிலேட்டுக் குச்சியையும் தின்னும் பிள்ளைக்கு இரத்தசோகை இருத்தல் கூடும். கோவையிலேயே, 2020 ஜனவரியில், வி.ஜி.எம். மருத்துவமனையில் 13 வயதுச் சிறுமி ஒருத்தியின் வயிற்றிலிருந்து அரைக் கிலோ தலைமுடியும் காலி ஷாம்பு உறைகளும் எடுக்கப்பட்டன. உறவினர் ஒருவரின் மறைவால் அவள் மனமுடைந்திருந்தாள் என்று செய்திகள் கூறின. வெளியே சொல்லி அழாத துயரம் அக்குழந்தையின் வயிற்றிற்குள் இறங்கியது.

ஆசையால் விழுங்குவோரும் உளர். 2014-இல் தில்லியில் ஒரு வணிகர், மனைவியோடு சண்டையிட்ட கோபத்தில் பாட்டில் மூடியை விழுங்கிவிட்டதாகக் கூறி மருத்துவமனைக்கு வந்தார். அறுவை செய்த மருத்துவர்கள் எடுத்தது 12 தங்கக் கட்டிகளை! சுங்கத்துறைக்குத் தப்ப விழுங்கியவை அவை. நம் விமான நிலையங்களிலும், தங்கப் பசையை உருண்டைகளாக்கி விழுங்கி வருவோர் பிடிபட்டதுண்டு. 'குருவி' என்னும் பெயரில் சிறு கூலிக்கு அவ்வாறு வருபவருள் பலர் ஏழை இளைஞர்கள். பொன்னாலான கன்றுக்குட்டியை மோசே பொடியாக்கி, நீரில் தூவி, மக்களைப் பருகச் செய்தார் என்று விடுதலைப் பயண நூல் 32-ஆம் அதிகாரத்தில் படிக்கின்றோம். வழிபட்ட பொன்னையே விழுங்க நேர்ந்த அம்மக்களின் நிலை இன்றும் மாறவில்லை.

பொன் விழுங்கியவர் சட்டத்திற்கு அஞ்சி மறைக்கின்றார். ஆணி விழுங்கியவர் இகழ்ச்சிக்கு அஞ்சி மறைக்கின்றார். காசு விழுங்கிய பிள்ளை அடிக்கு அஞ்சி மறைக்கின்றது. விழுங்கப்பட்ட உலோகத்தை எடுக்க மருத்துவரிடம் வழியுண்டு. மறைக்கப்பட்டதை எடுக்க அவரால் இயலாது. மருத்துவரிடம் தாமதமாக வருவோர் பலரும் தாமதிப்பது தூரத்தால் அன்று, அச்சத்தாலும் வெட்கத்தாலுமே.

ஆகவே சிலவற்றைக் குடும்பத் தலைவர்களும் தலைவியரும் நினைவில் இருத்த வேண்டுகின்றோம்.

முதலாவது, பிள்ளை பேசவோ இருமவோ அழவோ இயலாமல் நீலம் பாய்ந்தால், அது மூச்சடைப்பு. உடனே 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, பிள்ளையை முன்புறம் குனியவைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையால் ஐந்து முறை ஓங்கித் தட்டுக. பயனில்லையேல், ஓராண்டு நிரம்பிய பிள்ளையாயின், பின்னிருந்து அணைத்துத் தொப்புளுக்கு மேலே ஐந்து முறை உள்ளும் மேலுமாய் அழுத்துக. கைக்குழந்தையாயின் வயிற்றை அழுத்தலாகாது. தலை தாழ்ந்திருக்கக் கவிழ்த்து முதுகில் தட்டி, பின் மல்லாத்தி மார்பின் நடுவில் அழுத்துக. அடைப்பு நீங்கும்வரை தட்டுவதையும் அழுத்துவதையும் மாறி மாறிச் செய்க. கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி வாய்க்குள் விரலை விட்டுத் துழாவ வேண்டாம். அது பொருளை மேலும் உள்ளே தள்ளும்.

இரண்டாவது, மூச்சு நன்றாயிருந்து, எதையோ விழுங்கிய ஐயம் மட்டும் இருப்பின், வாழைப்பழத்தையும் சோற்றுருண்டையையும் ஊட்டித் தள்ளப் பார்ப்பது நம் நாட்டு வழக்கம். அதைக் கைவிடுக. வாந்தியெடுக்கவும் வைக்கலாகாது. வெறும் வயிறாயிருந்தால்தான் மருத்துவர் மயக்கமருந்து கொடுத்து எடுக்க இயலும். உடனே சென்று எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதே முறை. எச்சில் வழிதல், உணவை மறுத்தல், நெஞ்சைக் காட்டி அழுதல் ஆகியவை சிக்கியதன் அறிகுறிகள். அறிகுறியே இல்லாமலும் சிக்கியிருக்கக் கூடும்.

மூன்றாவது, விழுங்கியது பேட்டரி என்ற ஐயம் இருந்தாலே ஒரு நிமிடமும் தாமதிக்கலாகாது. ஓராண்டு நிரம்பிய பிள்ளைக்கு, விழுங்கிப் பன்னிரண்டு மணி நேரம் கடவாதிருப்பின், போகும் வழியில் பத்து நிமிடத்திற்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டித் தேன் கொடுக்கலாம் என்றும், ஆறு முறைக்கு மேல் வேண்டாம் என்றும் மருத்துவர் கூறுகின்றனர். அது புண்ணை ஓரளவு தடுக்கும். தேன் தேடி அலைந்து காலத்தை வீணாக்குதல் கூடாது.

நான்காவது, பெரியவர் ஒருவர் வேண்டுமென்றே இத்தகையவற்றை விழுங்கினால், அவரை இகழாமலும் அடைத்து வைக்காமலும் மருத்துவரிடம் அழைத்துச் செல்க. வயிற்றை ஆற்றியபின் மனத்தையும் ஆற்ற வேண்டும். ஆணியை எடுத்துவிட்டு மனத்தை விட்டுவிட்டால், அவர் மீண்டும் விழுங்குவார். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணில் இலவசமாய் அழைக்கலாம். செபம் வேண்டுமாயின் நாமும் வருகின்றோம். ஆனால் மருத்துவருக்குப் பதிலாக அன்று, மருத்துவரோடு.

ஐந்தாவதே தலையாயது. "எதை விழுங்கினாலும், எதை உடைத்தாலும், எதைத் தொலைத்தாலும் என்னிடம் வந்து சொல். சொன்னால் அடிக்கமாட்டேன்" என்று உங்கள் பிள்ளையிடம் இன்றே கூறுங்கள். கூறியபின் அவ்வாக்கைக் காப்பாற்றுங்கள். ஒருமுறை தவறினாலும் மறுமுறை அப்பிள்ளை உங்களிடம் வராது.

அன்றிரவு மருத்துவர் அக்காசைக் கழுவி, ஒரு சிறு புட்டியில் இட்டுத் தந்தையிடம் கொடுத்தார். அவர் அதை வாங்கிக்கொள்ளத் தயங்கினார். பிறகு வாங்கி, மேல்சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மயக்கம் தெளிந்த பையன் கண் விழித்ததும் முதலில் தேடியது தந்தையின் முகத்தை அன்று, கையை. வெறுங்கையாய் இருக்கிறதா என்று பார்த்தான். அதைத் தந்தையும் கண்டார், நாமும் கண்டோம். அவர் கட்டிலருகே மண்டியிட்டு, அந்தக் கையாலேயே பிள்ளையின் தலையைத் தடவிக்கொடுத்தார். நெடுநேரம் எவரும் பேசவில்லை. பிறகு பையன் கம்மிய குரலில், "அப்பா, காசு தொலையலைங்கப்பா" என்றான்.

ஆண்டுதோறும் பிப்ரவரி 3-ஆம் நாள் மெழுகுவர்த்திகளைப் பிள்ளைகளின் தொண்டையருகே வைக்கும்போது, இப்பொழுதெல்லாம் நாம் இரண்டு மன்றாட்டுகளைச் சேர்த்துக்கொள்கின்றோம். உள்ளே போகக் கூடாதது எதுவும் இத்தொண்டைக்குள் போகாதிருக்கட்டும். வெளியே வரவேண்டிய சொல் எதுவும் இத்தொண்டைக்குள் தங்காதிருக்கட்டும். முதலாவதற்கு நம் கவனமும் இரண்டாவதற்கு நம் அன்பும் துணைசெய்ய வேண்டும்.